வூட்டுக்குள்ள எதுக்குங்க பேவர் பிளாக்?

வீட்டுக்குள்ள, கூரைக்குக் கீழ பேவர் பிளாக் போடலாம்னு யாராச்சும் முடிவு பண்ணியிருந்தீங்கன்னா, கல்லு வந்து இறங்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க. நான் போட்டேன். அஞ்சு வருசம் அது மேல நடந்தேன். போன ஆவணியில அத்தனையும் கழட்டிட்டு அந்த இடத்துல காங்கிரீட் போட்டுட்டேன். போட்டப்ப யாரும் ஒண்ணும் சொல்லலை. கழட்டினதுக்குத்தான் இப்ப பேச்சு. கோயமுத்தூர்ல இருக்கற எங்கக்கா பையன் போன்ல ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். "கிராமத்தையும் சிமெண்ட்டால பூசறீங்களே மாமா, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"ன்னு கேட்டான். அன்னைக்கு அவனுக்குச் சொன்ன பதில் பத்தலை. மிச்சத்தை இங்க எழுதிடறேன்.

முதல்ல இடத்தைச் சொல்லணும். வாசக்கதவைத் தாண்டினா எங்க வூட்டுல ஒரு நடை. எட்டடி அகலம், பத்தடி நீளம், மேல ஓடு. அதைத் தாண்டித்தான் ஆசாரம், உங்க பாசையில ஹாலு. டவுன்ல வீட்டு முகப்புன்னா ஒரு செருப்பு ஸ்டாண்டு, ஒரு தொட்டிச் செடி, முடிஞ்சுது. எங்களுக்கு அது பாதி வேலைத்தளம். நாங்க கோபிக்கு மேற்க, தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மஞ்சள் மூட்டை அந்த வழியாத்தான் உள்ள இழுக்கணும். ராத்திரியில டிவிஎஸ் வண்டி அங்கதான் நிக்கும். மருந்தடிக்கற டேங்கு, மாட்டுத் தீவன மூட்டை, மம்முட்டி எல்லாம் அந்தச் சுவத்தோரம். காட்டுல இருந்து சேத்துக் காலோட வர்றவங்க கால் கழுவிட்டு ஈரத்தோட ஏறற இடமும் அதுதான். அதுக்கு மேல, எழுபத்தெட்டு வயசு எங்கம்மா ஒரு நாளைக்கு முப்பது தடவை போக வர இருக்கற வழி. இத்தனை வேலையையும் தாங்கற தரை வேணும். அழகு அதுக்கப்புறம்தான்.

எங்கப்பா காலத்துல அங்க செங்கல் ஜல்லிக்கு மேல சிமெண்ட் பூச்சு போட்ட தரை. நாப்பது வருசம் ஓடுச்சு. கடைசியில வெடிச்சு, வண்டி நிக்கற இடத்துல குழி விழுந்துருச்சு. பொண்ணு கல்யாணம் வந்தப்ப அதைச் சரி பண்ண நாளில்லை. எங்கூர்த் தெருவுக்கு அப்பத்தான் பேவர் போட்டிருந்தாங்க, பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கல்லு விக்கறவரு வந்து பார்த்துட்டு, "ஒரே நாள் வேலைங்க. தண்ணி ஊத்த வேண்டாம், காய வைக்க வேண்டாம். சாயந்தரமே நடக்கலாம். பழுதானா ஒரு கல்லை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்"னாரு. கல்யாண வூட்டுக்காரனுக்கு இதை விட இனிப்பான பேச்சு ஏது? சரின்னுட்டேன்.

இப்ப அந்தக் கல்லு எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. பேவர் கல்லை எதுவும் ஒட்டிப் பிடிக்கறதில்லை. கீழ நல்லா இறுக்கின ஜல்லி, அது மேல ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு மணல், சுத்தியும் அசையாத கரைக்கல்லு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல நைசு மணல். அதிர்ற மிசினை மேல ஓட்டினா மணல் சந்துக்குள்ள இறங்கி, ஒரு கல்லு பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிச்சுக்கும். ஆக, மொத்தச் சூட்சுமமும் அந்தச் சந்து மணல்லதான் இருக்கு. தெருவுல மண்ணும் தூசியும் தானா வந்து அந்தச் சந்தை அடைச்சுட்டே இருக்கும்.

வூட்டுக்குள்ள என்ன நடக்கும்? காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை எங்க வூட்டுக்காரம்மா சீமாறு போடும். அந்த மணலை வெளிய எடுக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும் தென்னஞ் சீமாறு. தினம் ஒரு கைப்பிடி மணல் குப்பையோட போகும். கூட்டாம இருக்கச் சொல்ல முடியுமா? ஒரு வருசத்துல சந்தெல்லாம் காலி. மணல் போன சந்துல கம்பும் சோளமும் மஞ்சத் தூளும் போய் உக்காரும். அதுக்கு எறும்பு வரும். எறும்பு கீழ இருக்கற மணலையும் மேல கொண்டாந்து குமிச்சு வைக்கும். அதையும் கூட்டித் தள்ளுவோம். அடியில இருக்கற மெத்தையை நாமளே தினமும் கொஞ்சம் கொஞ்சமா உருவிட்டு இருந்திருக்கோம்.

இதுல இன்னொரு வேடிக்கை. மிசினை உள்ள ஓட்டினா மண் சாந்துல கட்டின சுவரு அதிரும்னு சொல்லி, போட வந்த ஆளுங்க மரச் சுத்தியால தட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க சொன்னது நிசம்தான், பழைய சுவத்துக்கிட்ட அந்த மிசினை ஓட்டக் கூடாது. அப்படின்னா இந்தக் கல்லு இந்த இடத்துக்கு ஆகாதுன்னுதானே அர்த்தம்? அதை அவங்களும் சொல்லலை, எனக்கும் தோணலை. பழைய தரையில இருந்த குழி மேலயே மணலைக் கொட்டி மட்டம் பண்ணினதால ஒரு பக்கம் மணல் ஒரு இஞ்சு, இன்னொரு பக்கம் மூணு இஞ்சு. வண்டி ஸ்டாண்டு நிக்கற எடத்துல கல்லு இறங்குச்சு, பக்கத்துக் கல்லு மூஞ்சியைத் தூக்குச்சு.

கால் கழுவற தண்ணி சந்து வழியா கீழ போயிரும். போனது வெயில் படாத எடம், காயவே காயாது. வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டா எங்க வளவுல தரையே ஓதமாத்தான் இருக்கும், அதோட இதுவும் சேர்ந்துக்கும். மூணாவது வருசம் ஒரு வாடை வந்துச்சு பாருங்க, கட்டுத்தரையே பரவாயில்லை. ஆடற கல்லு ஒண்ணைச் சரி பண்ணலாம்னு கடப்பாரையால நெம்பினேன். கீழ ஒரு தேளு. அன்னைக்கே கழட்டியிருக்கணும். மணல் போட்டு, கல்லை வச்சு, தட்டிட்டு எந்திரிச்சுட்டேன். சோம்பேறித்தனம்தான், வேற என்ன.

போன பங்குனியில, விடிகாலை அஞ்சு மணிக்கு அம்மா வாசல் தெளிக்கச் சாணித் தண்ணியோட போயிருக்காங்க. தூக்கிட்டு நின்ன ஒரு கல்லு முனை கட்டை விரல்ல தட்டிருச்சு. அரை விரக்கடை உசரம் கூட இருக்காது. அவ்வளவுதான், குப்புற விழுந்து வலது கையை ஊனிட்டாங்க. மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அவங்களால வாசல் தெளிக்க முடியலை, மாட்டுக்குத் தவிடு கலக்க முடியலை, இடது கையில கரண்டி புடிச்சுச் சாப்புட்டாங்க. பார்க்க வந்தவங்க எல்லார்கிட்டயும், "நாந்தேன் பாத்துக் கால வெக்காம போயிட்டேன்"னே சொன்னாங்க. ஒருத்தர்கிட்டக் கூட கல்லுன்னு சொல்லலை. நான் பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். என்னைத் திட்டியிருந்தா அத்தோட தீர்ந்திருக்கும்.

கல்லு வித்தவருக்குப் போன் போட்டேன். "ஒரு கல்லுதானுங்களே, கழட்டி மணல் போட்டு வைங்க, அதானுங்க இதுல வசதி"ன்னாரு. அந்த வசதியைப் பத்தி ஒரு வார்த்தை. தெருவுக்கு அது வசதிதான், ஒத்துக்கறேன். கீழ குடிதண்ணிக் குழாய் போகுது, கேபிள் போகுது, தோண்டிட்டு மறுபடி வைக்கலாம். என் வூட்டு நடையில நான் எதைத் தோண்டப் போறேன்? கழட்டி மாட்டற சாமான்னா அது கழண்டுக்கவும் செய்யும்னு அர்த்தம். கால் வைக்கற எடத்துல அந்தக் குணம் எனக்கு வேண்டாம்.

சரி, மாப்பிள்ளை எடுத்த பாடத்துக்கு வர்றேன். மூணு குத்தம் சொன்னான்.

பேவர்னா மழைத்தண்ணி நிலத்துல இறங்கும், காங்கிரீட் அதை அடைச்சுரும்னான். ஏனுங்க, என் நடைக்கு மேல ஓடு இருக்குது. அங்க மழை பேஞ்சா நான் ஓடு மாத்த வேண்டியவன், தரையைப் பத்தி யோசிக்க வேண்டியவன் இல்லை. நாம சாதாரணமா வாங்கற பேவர் கல்லுக்குள்ள தண்ணி நுழையறதே ரொம்பக் கம்மி, இறங்கறது சந்து வழியாத்தான். என் வூட்டுல அந்தச் சந்து வழியா இறங்கினது மழை இல்லை. கால் கழுவின தண்ணியும் கோழிப் பீயும்.

அடுத்தது சிமெண்ட். உலகத்துல மனுசன் விடற கரியமில வாயுவுல நூத்துக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட்டாலதான்னு கணக்குச் சொன்னான். கணக்குச் சரிதான். ஆனா பேவர் பிளாக் எதுல செய்யறதுன்னு அவன் நினைச்சுட்டு இருக்கான்? களிமண்ணுலயா? அதுவும் அச்சுல போட்ட காங்கிரீட்தான் சாமி. அதுக்கு ஐ.எஸ். 15658னு ஒரு இந்தியத் தரம் இருக்கு. 2006ல வந்த அந்தப் புத்தகத்துல வண்டியே போகாத இடத்துக்குப் போடற கல்லுக்குக் கூட எம்-30 பலம் வேணும்னு இருக்கு. நான் போட்ட தரை எம்-20தான். கனத்துல மட்டும் என்னுது நாலு இஞ்சு, கல்லு 60 மில்லி, அதனால மொத்தச் சிமெண்ட் எனக்குக் கூடத்தான் ஆயிருக்கும். அதை மறைக்கலை. ஆனா அஞ்சு வருசத்துல ஒரு தரையைப் போட்டுத் தூக்கினவன் அந்தச் சிமெண்ட்டையும் சேர்த்துத்தானே எண்ணணும்? இதையெல்லாம் பன்னெண்டு மாடி அபார்ட்மெண்ட்ல ஒன்பதாவது மாடியில உக்காந்துட்டு என்கிட்டக் கேக்கறான். அந்த மாடி எதுல நிக்குதுன்னு நான் கேக்கலை. அக்கா பையன், மனசு சங்கடப்படுவான்.

மூணாவதா அழகு. பேவர் போட்ட நடை "நேச்சுரல் லுக்"காம். லீவுக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்குக் கிராமத்து வூடு எப்பவும் ஏதோ ஒரு மாதிரி இருந்தாகணும். திண்ணை வேணும், அம்மிக்கல்லு வேணும், தரை கொஞ்சம் கரடுமுரடா இருக்கணும். அந்தக் கரடுமுரடுல தினமும் நடக்கறது யாரு? செவப்பும் சாம்பலுமா அந்த ஜிக்ஜாக் கல்லு எங்க பாட்டன் காலத்துச் சொத்தும் இல்லை. பெட்ரோல் பங்க்குல இருந்து தெருவுக்கு வந்து, தெருவுல இருந்து வூட்டுக்குள்ள வந்தது.

ஒரு விசயத்துல மட்டும் மாப்பிள்ளை சொன்னதுல நியாயம் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். "பழைய சுவருங்க மாமா, தரையை முழுசா அடைச்சீங்கன்னா கீழ இருக்கற ஈரம் சுவத்துல ஏறிரும்"னான். யோசிச்சுப் பார்த்தேன், நிசம். எங்களுது செங்கல்லும் மண் சாந்தும், மேல சுண்ணாம்பு. தரை வழியா வெளிய போக முடியாத ஈரம் சுவத்தைத்தான் தேடும். அதனால சுவத்தை ஒட்டி ரெண்டு பக்கமும் மூணு விரல் அகலத்துக்குக் காங்கிரீட் போடாம விட்டு, அதுல பொடி ஜல்லி நிரப்பி, மேல சுண்ணாம்புக் கலவையால லேசாப் பூசியிருக்கோம். மேஸ்திரி சிரிச்சாரு. சிரிக்கட்டும்.

மேஸ்திரின்னதும் ஞாபகம் வருது, அவர் முதல்ல சொன்ன யோசனை என்ன தெரியுங்களா? "எதுக்குங்ணா கழட்டிக்கிட்டு, பேவர் மேலயே ரெண்டு இஞ்சு கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிரலாம்." ஆடற கல்லு மேல கலவை போட்டா கலவையும் ஆடும், அதுக்கு மேல டைல்ஸ் வெடிக்கும். வெடிக்கலைன்னே வைங்க, ஈரக் காலோட வர்ற எடத்துல வழுவழு டைல்ஸ் போட்டா எங்கம்மாவுக்கு அடுத்த கையும் போயிரும். முடியாதுன்னுட்டேன். முந்நூறு கல்லுக்குப் பக்கம், மொத்தத்தையும் கழட்டினோம். கீழ எலி வளை, சுவத்தோட கடைக்கால் வரைக்கும் போயிருந்துச்சு. அதை ஜல்லியும் கலவையும் போட்டு அடைச்சு, கடைக்காலைத் தொடாம எட்டு இஞ்சு பள்ளம் எடுத்து, நாலு இஞ்சுக்குப் பெரிய ஜல்லியும் கிரஷர் பொடியும் போட்டு, தண்ணி விட்டு விட்டுக் கட்டையில இடிச்சோம். அது மேல கெட்டிப் பாலித்தீன் தாளு. அதுக்கு மேலதான் காங்கிரீட்.

இந்த அளவுக்கு என்ன புடிச்சுதுன்னா, ஒண்ணு, ஒன்றரை, மூணுன்னு கலந்து ஆறு மூட்டை சிமெண்ட்டு, பதினோரு கன அடி எம்-சேண்டு, இருவத்திரெண்டு கன அடி முக்கால் இஞ்சு ஜல்லி. கம்பி கட்டலை. தொங்கற தளத்துக்குத்தான் கம்பி, இதைக் கீழ மண்ணு தாங்குது. தண்ணியிலதான் சண்டை. மூட்டைக்கு 25 லிட்டர், அதாவது ஒன்றரைக் குடத்துக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல ஊத்தினா வேலைக்காரருக்கு இழுக்கச் சுளுவு, தரைக்குக் கேடு. ஓஸ் பைப்பைப் புடுங்கிட்டு நானே குடத்தோட நின்னேன். "இப்புடி வறட்டிப் போட்டா எப்புடிங்ணா இழுக்கறது?"ன்னாரு மேஸ்திரி. சேத்துழவு ஓட்டின வயலு காஞ்சா எப்படி வெடிக்கும்னு பார்த்தவன்கிட்ட இந்தப் பேச்சு எடுபடுமா?

உள்ள இருந்து வாசல் பக்கமா ஒன்றரை இஞ்சு வாட்டம் கொடுத்தோம், கழுவி விட்டா தண்ணி தானா வெளிய ஓடும். நடுவுல குறுக்க ஒரு இஞ்சு ஆழத்துக்குக் கோடு கிழிச்சோம். காங்கிரீட் சுருங்கும்போது எங்கயாச்சும் வெடிக்கத்தான் செய்யும், அந்தக் கோட்டுல வெடிச்சுக்கட்டும்னு. மேல பாலீஸ் போட விடலை, இறுகி வரும்போது சீமாத்தால குறுக்க ஒரே இழுப்பு. கால் வழுக்காது, மூட்டை இழுத்தாலும் தட்டாது.

அப்புறம் பத்து நாள் தண்ணி. "தண்ணி ஊத்த வேண்டாம்"னு சொல்லித்தானே அந்தக் கல்லை என் தலையில கட்டினாங்க? இப்பக் கிடைக்கற சிமெண்ட்டுல முக்காவாசி சாம்பல் கலந்த பி.பி.சி. அது மெதுவாத்தான் பலம் ஏறும், ஏழு நாள் பத்தாது. பழைய சாக்கை விரிச்சு நனைச்சுட்டே இருக்கணும். அந்தப் பத்து நாளும் குடும்பமே பொடக்காளி வழியாத்தான் போனோம் வந்தோம், வண்டி புளியமரத்தடியில. சாக்கு நனைக்கற வேலையை அம்மா எடுத்துக்கிட்டாங்க. கட்டுப் பிரிச்ச கை இன்னும் முழுசா மடங்கலை. வேண்டாம்னா கேக்கறாங்களா? நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டற கணக்கா, ஒரு சொம்புல மோந்து மோந்து காலையில, மத்தியானம், சாயந்தரம் ஊத்தினாங்க. பன்னெண்டாவது நாள் முதல் ஆளா நடந்தவங்களும் அவங்கதான். பெருவிரலால அங்கங்க அமுக்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம தாண்டிப் போயிட்டாங்க.

கழட்டின கல்லை வீணாக்கலை. கட்டுத்தரைக்குப் போற பாதையில, தண்ணித் தொட்டியைச் சுத்தி, அடியில ஜல்லி இடிச்சு, ஓரத்துக்குக் கரைக்கல்லு வச்சுப் பதிச்சுட்டேன். மேல மழை விழுது, சந்துல மண்ணு தானா அடைக்குது, மாடு வழுக்காம நடக்குது. எட்டு மாசமாச்சு, ஒரு கல்லு ஆடலை. கல்லு மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க. அது வெளிய கிடக்க வேண்டிய பொருள். "தெருக்கல்ல வூட்டுக்குள்ள போட்டா வூடு தெருவாட்டம்தான் இருக்கும்"னு அம்மா அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. அப்ப நான் வித்தவரு பேச்சைக் கேட்டுட்டு இருந்தேன்.

இப்ப வூட்டுல ஓடற சண்டை வேற. தரை ஈரமா இருக்கறப்பவே மேல செவப்பு ஆக்சைடு தூவித் தேச்சிருந்தா எங்க ஆசாரத்துத் தரை மாதிரியே வந்திருக்கும், ஒரு வாரமா உங்ககிட்டச் சொல்லிட்டே இருந்தேனேங்கறா எங்க வூட்டுக்காரம்மா. சொன்னது நிசம்தான். குடத்தோட நின்ன அவசரத்துல எனக்கு மறந்துருச்சு. இனி மேல பூசினா உரிஞ்சு வந்துரும்ங்கறாரு மேஸ்திரி. மாப்பிள்ளை பொங்கலுக்கு வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேப்பாங்க.